வேலையை விடாமல் எம்பிஏ: சேரும் முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றுச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

மெட்ரோவிலோ, ஓஎம்ஆர் சிக்னலிலோ மாட்டிக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருப்பீங்க. பரவாயில்லை, இன்றைய விஷயமும் அந்த மாதிரி நேரத்தில் மனதில் வருவதுதான்.

கொஞ்ச நாளாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "அண்ணா, எனக்கு ஏழு வருஷ எக்ஸ்பீரியன்ஸ். எக்ஸிக்யூட்டிவ் எம்பிஏ பண்ணலாமா? எங்க பண்ணலாம்?" இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரே ஒரு தகுதிதான் இருக்கிறது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் ஒரு தடவை பணம் கட்டியவன் நான். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அப்போது எனக்கு 31 வயது. சென்னையில் ஒரு ஐடி கம்பெனியில் சப்போர்ட் டீம் லீட். கூடச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக மேனேஜர் ஆகிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ராத்திரி போனில் ஒரு விளம்பரம். பெரிய கல்வி நிறுவனத்தின் சின்னம், கீழே 'வேலை பார்ப்பவர்களுக்கான எக்ஸிக்யூட்டிவ் புரோகிராம்' என்று எழுதியிருந்தது. பெயரையும் நம்பரையும் கொடுத்தேன். பத்தே நிமிஷத்தில் அழைப்பு வந்துவிட்டது.

பேசியவர் தன்னைக் கவுன்சிலர் என்று சொன்னார். "சார், உங்க புரொஃபைலுக்கு ஸ்காலர்ஷிப் இருக்கு. ஆனா இன்னிக்கு ராத்திரி 12 மணி வரைக்கும்தான். பத்தாயிரம் கட்டி சீட் பிளாக் பண்ணிடுங்க" என்றார். நான் கேட்ட ஒரே கேள்வி, "இஎம்ஐ எவ்வளவு வரும்?" என்பதுதான். 2,40,000 ரூபாய் கட்டணம், அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. மொத்தம் 2,83,200. இருபத்து நான்கு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 11,800. சரி, சமாளித்துவிடலாம் என்று தோன்றியது. கட்டிவிட்டேன்.

வகுப்புகள் மோசம் என்று சொல்லமாட்டேன். சில பேராசிரியர்கள் அருமையாகப் பாடம் எடுத்தார்கள். ஒரு வருடம் முடிந்தது, சான்றிதழ் வந்தது, வீட்டில் ஃபிரேம் போட்டு மாட்டினோம். நான் ரெஸ்யூமில் 'எம்பிஏ, எக்ஸிக்யூட்டிவ்' என்று எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கவுன்சிலர் அப்படித்தான் பேசினார், நண்பர்கள் அப்படித்தான் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன்.

அடுத்த வருடம் வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. நல்ல சம்பளம். இங்கே ராஜினாமா கொடுத்து நோட்டீஸ் பீரியடில் இருக்கிறேன். பாதி முடிந்துவிட்டது. அப்போது அந்த கம்பெனியின் எச்ஆரிலிருந்து ஒரு அழைப்பு. "நீங்க அனுப்பினது கோர்ஸ் முடிச்ச சர்டிஃபிகேட். டிகிரி சர்டிஃபிகேட்டும் மார்க் ஷீட்டும் அனுப்புங்க." அப்படி எதுவும் என்னிடம் இல்லை. இருந்தால்தானே அனுப்ப? பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் 'கொடுத்த தகவலுக்கும் ஆவணத்துக்கும் முரண்' என்று வந்துவிட்டது. நான்கு நாளில் ஆஃபரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

என் மேனேஜரிடம் போய் நின்றேன். நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "லெட்டரை வாபஸ் வாங்கிக்கோ தம்பி. ரெஸ்யூமை முதல்ல திருத்து" என்றார். அவர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் இன்றைக்கு இந்த எபிசோடே வேறு மாதிரி இருந்திருக்கும்.

இனி, நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளுக்கு வருகிறேன்.

முதல் கேள்வி: முடிவில் என் கையில் என்ன காகிதம் கொடுப்பீர்கள்?

மூன்று விதம் இருக்கிறது. பட்டம், டிப்ளமோ, சான்றிதழ். எம்பிஏ என்பது பட்டம். அதைப் பல்கலைக்கழகமோ, பட்டம் கொடுக்கச் சட்டப்படி அதிகாரம் உள்ள நிறுவனமோதான் கொடுக்க முடியும். பிஜிடிஎம் என்பது முதுநிலை டிப்ளமோ. ஜாம்ஷெட்பூரில் இருக்கும் எக்ஸ்எல்ஆர்ஐ மாதிரி நிறுவனங்கள் கொடுப்பது அது. டிப்ளமோ என்ற சொல்லைக் கேட்டு மட்டமாக நினைக்க வேண்டாம். ஐஐஎம்களே பல பத்தாண்டுகள் டிப்ளமோதான் கொடுத்தன. 2017-ல் நிறைவேறிய ஐஐஎம் சட்டம் 2018 ஜனவரி கடைசியில் அமலுக்கு வந்த பிறகுதான் அவற்றுக்குப் பட்டம் வழங்கும் அதிகாரமே கிடைத்தது.

அதனால் பட்டமா டிப்ளமோவா என்பதைவிட, அதை யார் அங்கீகரித்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். பிஜிடிஎம் என்றால் ஏஐசிடிஇ ஒப்புதல் இருக்கிறதா? பின்னால் பிஎச்டி, அரசு வேலை என்ற எண்ணம் இருந்தால், அதை எம்பிஏவுக்குச் சமம் என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏஐயு ஏற்றிருக்கிறதா? ஆன்லைன் அல்லது தொலைநிலை எம்பிஏ என்றால், யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர், அந்தப் படிப்பின் பெயர், நீங்கள் சேரும் ஆண்டு, மூன்றும் இருக்கிறதா? பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. அங்கீகாரம் படிப்புக்குப் படிப்பு, ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

மூன்றாவது, நான் வாங்கிய சான்றிதழ். பெரிய நிறுவனங்களே இதைக் கொடுக்கின்றன. அதில் தவறு எதுவும் இல்லை. ஒரு குறிப்பிட்ட திறமையைக் கற்றுக்கொள்ள அது நல்ல வழி. ஆனால் அது எம்பிஏ கிடையாது. ரெஸ்யூமில் கல்வித் தகுதி என்ற இடத்தில் போடக் கூடாது, பயிற்சிகள் என்ற இடத்தில் போடலாம்.

இதில் ஒரு சின்னத் துப்பு இருக்கிறது. பில்லைப் பாருங்க. சட்டப்படி அங்கீகாரம் உள்ள பட்டத்துக்கான படிப்புக்குப் பொதுவாக ஜிஎஸ்டி விலக்கு உண்டு. குறுகிய கால எக்ஸிக்யூட்டிவ் சான்றிதழ் படிப்புகளுக்கு 18% போடுவார்கள். என் பில்லில் அது கொட்டை எழுத்தில் இருந்தது. நான் அதை வரி என்றுதான் பார்த்தேன், தகவல் என்று பார்க்கவில்லை. இதை மட்டும் வைத்து முடிவு எடுக்காதீங்க, ஆனால் 18% பார்த்தால் உடனே நிறுத்தி, "இது பட்டமா?" என்று மின்னஞ்சலில் கேளுங்க. போனில் கேட்காதீங்க. எழுத்தில் பதில் வரட்டும்.

இன்னொன்று. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் எம்பிஏ, வீட்டில் இருந்தபடியே, ஓர் எட்டெக் கம்பெனி வழியாக என்று விளம்பரம் வரும். அப்படி எட்டெக் நிறுவனங்களுடன் கூட்டுச் சேர்ந்து வழங்கப்படும் வெளிநாட்டுப் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று யுஜிசி 2023 டிசம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. கட்டும் முன் அந்த அறிவிப்பை ஒரு தடவை படித்துவிடுங்க.

இரண்டாவது கேள்வி: இது வேலையோடு படிக்கிற படிப்பா, வேலையை விட்டுப் படிக்கிற படிப்பா?

சிரிக்காதீங்க. 'எக்ஸிக்யூட்டிவ்' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்துகிறார்கள். ஐஐஎம் அகமதாபாத்தின் பிஜிபிஎக்ஸ், கல்கத்தாவின் எம்பிஏஎக்ஸ், பெங்களூரின் இபிஜிபி, இவையெல்லாம் அனுபவம் உள்ளவர்களுக்கானவைதான். ஆனால் ஒரு வருட முழுநேரப் படிப்புகள். வேலையை விட்டுவிட்டு வளாகத்தில் தங்கிப் படிக்க வேண்டும். அதே பெங்களூரில் பிஜிபிஇஎம் என்ற படிப்பு வேலையோடு படிப்பவர்களுக்கானது. சென்னையில் பார்த்தால் ஐஐடி மெட்ராஸின் மேலாண்மைத் துறை நடத்தும் எக்ஸிக்யூட்டிவ் எம்பிஏ இருக்கிறது. ஐஐஎம் திருச்சி வேலை பார்ப்பவர்களுக்கான பிஜிபிபிஎம் படிப்பைச் சென்னையில் நடத்துகிறது. லொயோலா வளாகத்தில் இருக்கும் லிபா பல வருடங்களாகப் பகுதிநேரப் படிப்புக்குப் பெயர் போனது.

முழுநேரம் என்றால் செலவு கட்டணத்தோடு நிற்காது. கையில் மாதம் 90,000 வாங்குபவர் ஒரு வருடம் வேலையை விட்டால் 10,80,000 ரூபாய் வருமானம் போகிறது. அதையும் கட்டணத்தோடு கூட்டிப் பாருங்க. வேறு துறைக்கு முழுசாக மாற வேண்டும், புது கம்பெனிக்குக் கேம்பஸ் வழியாகப் போக வேண்டும் என்றால் அந்தச் செலவுக்கு அர்த்தம் இருக்கலாம். வார இறுதிப் படிப்புகளில் பெரும்பாலும் அந்த மாதிரி பிளேஸ்மென்ட்டை எதிர்பார்க்க முடியாது. இருக்கிற துறையிலேயே மேலே போவதற்குத்தான் அவை. இதைத் தெரியாமல் சேர்ந்துவிட்டு, "பிளேஸ்மென்ட் செல் எங்கே?" என்று கேட்டவர்களை என் வகுப்பிலேயே பார்த்தேன்.

ஆமாம், இரண்டாவது தடவை நான் ஒரு வார இறுதிப் படிப்பில் சேர்ந்து முடித்தேன். எது என்று சொல்லவில்லை, சொன்னால் விளம்பரமாகிவிடும். அதைத் தேர்ந்தெடுக்கும்போது வந்ததுதான் மூன்றாவது கேள்வி. கேட்டது நான் இல்லை, என் மனைவி.

முதல் படிப்பு ஆன்லைனில் நடந்தது. வீட்டில்தானே இருக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்ஃபோனோடு இருந்திருக்கிறேன். இரண்டாவது தடவை பிராஷரை எடுத்து நீட்டியதும் அவர் கேட்டார்: "சனி முழுசும், ஞாயிறு பாதியும் உனக்கு. ரெண்டு வருஷம். பாப்பாவை யார் பார்த்துக்கறது?"

"நீதான்..." என்று ஆரம்பித்தேன், முடிக்கவில்லை.

அவர் டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். கோச்சிங் வகுப்பும் டெஸ்ட் பேட்சும் சனி, ஞாயிறுகளில்தான். என் முதல் படிப்பு நடந்த வருடம் அவர் அந்த வகுப்பை நிறுத்தியிருந்தார். "அப்போ ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "நீ கேக்கல" என்றார்.

அந்த ஆன்லைன் படிப்புக்கு நான் 2,83,200 கட்டினேன் என்று இத்தனை நாளாகக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பகுதியை அவர் கட்டியிருக்கிறார், எந்தப் பில்லிலும் அது வரவில்லை.

பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். முதல் ஒரு வருடம் அவருடையது. சனி, ஞாயிறு குழந்தையும் சமையலும் என் பொறுப்பு. அதற்கு அடுத்த இரண்டு வருடம் என்னுடையது. நான் சேருவதை ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். அந்த வருடம் அவர் முதல்நிலைத் தேர்வில் தேறினார். முதன்மைத் தேர்வில் கிடைக்கவில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் என்னைவிடத் தெளிவாக இருந்தார். "எழுதிப் பாத்துட்டேன்ல. இப்ப நீ போ. நீ முடிச்சதும் நான் மறுபடி எழுதுவேன்" என்றார். இப்போது என் படிப்பு முடிந்துவிட்டது. இந்தச் சனிக்கிழமை காலை அவர் வகுப்புக்குப் போயிருக்கிறார். நான் இதைப் பதிவு செய்துகொண்டிருப்பது பாப்பா தூங்குகிற நேரத்தில். அதனால்தான் குரல் கொஞ்சம் தாழ்வாக இருக்கிறது.

கல்யாணம் ஆகவில்லை என்றாலும் இந்தக் கேள்வி உங்களுக்கும் உண்டு. என் அனுபவத்தில் வாரத்துக்கு 10 மணி நேர வகுப்பு என்றால், கேஸ் ஸ்டடி படிக்கவும், குரூப் வேலைக்கும் இன்னொரு 10 மணி நேரம் போகும். அந்த 20 மணி நேரம் எங்கிருந்து வரப்போகிறது? அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற சனிக்கிழமையா, ஊருக்குப் போகிற நாளா, உங்கள் தூக்கமா? ஒரு தாளில் எழுதுங்க. எழுதியதை வீட்டில் இருப்பவர்களிடம் காட்டுங்க.

பணத்தைப் பற்றி மூன்று விஷயம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, கம்பெனி பணம் கொடுக்கிறதா என்று கேளுங்க. கொடுத்தால் எத்தனை வருடம் இருக்க வேண்டும், நடுவில் போனால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்க. இரண்டு, கல்விக் கடன் வட்டிக்கு வரிச் சலுகை உண்டு, அதிகபட்சம் 8 வருடம். வட்டிக்கு மட்டும்தான், அசலுக்கு இல்லை. பழைய வரி முறையில் இருந்தால்தான் கிடைக்கும். கடனும் வங்கியிலிருந்தோ, அரசு அறிவித்த நிதி நிறுவனத்திலிருந்தோ, அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளையிலிருந்தோ வாங்கியதாக இருக்க வேண்டும். மூன்று, 'வட்டியில்லா இஎம்ஐ' என்று சொன்னாலும் அது உங்கள் பெயரில் ஒரு கடன்தான். படிப்பை நடுவில் விட்டாலும் தவணை நிற்காது. எனக்கும் பத்தாவது மாதம் விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் மாதத் தவணை அதே தேதியில் போய்க்கொண்டுதான் இருந்தது.

நான்காவது கேள்வி: திங்கட்கிழமை இதை வைத்து நான் என்ன செய்வேன்?

இந்த வகைப் படிப்பு முதலில் 1943-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. வேலையில் இருப்பவர் வேலையை விடாமல் வகுப்புக்கு வருவார், வகுப்பில் படித்ததை ஆபீசில் போய்ப் பார்ப்பார் என்பதுதான் இதில் இருக்கிற லாபம். அது நடக்கவில்லை என்றால் மிஞ்சுவது காகிதம் மட்டும்தான்.

எனக்கு நடந்த ஓர் உதாரணம். ஆபரேஷன்ஸ் வகுப்பில் லிட்டில்ஸ் லா என்று ஒன்று சொல்லித்தந்தார்கள். ரொம்ப எளிமையானது. உள்ளே தேங்கி நிற்கிற வேலையின் எண்ணிக்கையை, ஒரு நாளைக்கு முடிகிற எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடியச் சராசரியாக எத்தனை நாள் ஆகும் என்று தெரிந்துவிடும். என் டீமில் எப்போதும் 60 டிக்கெட் நிலுவையில் இருக்கும், ஒரு நாளைக்கு 12 முடியும். அப்படியென்றால் ஒரு வாடிக்கையாளர் சராசரியாக 5 நாள் காத்திருக்கிறார். நாங்களோ 3 நாளில் முடிப்போம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்திருந்தோம். பையன்கள் சோம்பேறிகள் என்று மாதா மாதம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை இந்தக் கணக்கை ஒரே ஸ்லைடில் போட்டுக் காட்டினேன். ஆளைத் திட்டுவது நின்றது, உள்ளே வருகிற டிக்கெட்டை எப்படிக் குறைப்பது என்று பேச ஆரம்பித்தார்கள். அந்த ஒரு வகுப்புக்கே கட்டணம் சரியாகப் போனது மாதிரி இருந்தது.

அதனால் பாடத்திட்டத்தை எடுத்து, "இதில் எந்த மூன்று பாடம் என் இப்போதைய வேலையில் உதவும்?" என்று பாருங்க. மூன்றுகூடத் தேறவில்லை என்றால் அந்தப் படிப்பு உங்களுக்கானது இல்லை. ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்க. படித்து முடித்தவர்களை நீங்களே தேடிப் பேசுங்க. அவர்கள் கொடுக்கிற ஆள் நல்லதையே சொல்வார். முடித்து இரண்டு வருடம் ஆனவர்களாகப் பார்த்து, "மறுபடி சேருவீங்களா?" என்று மட்டும் கேளுங்க. நான் பேசியவர்களில் ஒருவர், "சேருவேன், ஆனா கல்யாணத்துக்கு முன்னாடி" என்றார். அந்த ஒரு வரியில் எனக்கு நிறையப் புரிந்தது.

கூடப் படிப்பவர்கள் யார் என்றும் பாருங்க. என் வகுப்பில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையின் பிளான்ட் மேனேஜர் இருந்தார், ஒரு டாக்டர் இருந்தார், திருப்பூரில் அப்பாவின் பின்னலாடைத் தொழிலைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒருவர் இருந்தார். எல்லாரும் ஐடி என்றால் அதே ஆபீஸ் பேச்சைத்தான் சனிக்கிழமையும் பேசிக்கொண்டிருப்போம்.

கடைசியாக, சேரவே வேண்டாம் என்பதும் ஒரு சரியான பதில். மேனேஜர் பிடிக்கவில்லை என்றால் வேலையை மாற்றுங்க, எம்பிஏ அதற்கு மருந்து இல்லை. எக்செல்லோ, நிதி அறிக்கை படிப்பதோதான் தேவை என்றால், குறைந்த செலவில் ஒரு சான்றிதழ் படிப்பே போதும். நண்பன் சேர்ந்துவிட்டான் என்பது ஒரு காரணமே இல்லை. நான் அப்படித்தான் சேர்ந்தேன்.

ஃபிரேம் போட்ட அந்தப் பழைய சான்றிதழ் இன்னும் வீட்டில் இருக்கிறது. கழற்றலாம் என்று எடுத்தேன், மனைவி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "இருக்கட்டும். அடுத்த தடவை ராத்திரி போன் வந்தா அதைப் பாத்துட்டுப் பேசு."

உங்களுக்கும் இன்று ராத்திரி 12 மணிக்கு முடிகிற ஸ்காலர்ஷிப் யாராவது சொன்னால், தூங்கிவிட்டுக் காலையில் பேசுங்க. நல்ல படிப்பு காலையிலும் இருக்கும்.

பாப்பா எழுந்துவிட்டாள். அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.